மின்சாரத்தைப் பூட்டிய பிறகும் பிரஸ்ஸின் ரேம் இறங்கியது ஏன்?

கேள்வி:
வணக்கம். ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றில் கசிந்துகொண்டிருந்த ஹோஸை மாற்ற வேண்டியிருந்தது. மின்சாரத்தைத் துண்டிக்கும் மெயின் ஐசோலேட்டரை அணைத்து, என் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய எச்சரிக்கை அட்டையையும் மாட்டினேன். ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தபோது இயந்திரம் ஓடவில்லை. பம்பின் அருகிலுள்ள பிரஷர் கேஜும் பூஜ்யத்தையே காட்டியது. இருந்தும் சிலிண்டரின் அடிப்பக்க ஹோஸைத் தளர்த்தியவுடன் எண்ணெய் பீறிட்டது, மேலே நின்றிருந்த ரேம் (பொருளை அழுத்தும் கனமான நகரும் பகுதி) ஒரு சாண் கீழே இறங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. பூட்டுப் போட்டால் போதும் என்றே எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். நான் எதைத் தவறவிட்டேன்?

மறுமொழி 1:
நீங்கள் போட்ட பூட்டு புதிதாக ஆற்றல் உள்ளே வருவதைத்தான் தடுத்தது. ஏற்கெனவே உள்ளே தங்கியிருந்ததை அது தொடவே இல்லை. மேலே நிறுத்தப்பட்ட ரேமின் எடையை அடிப்பக்கத்து எண்ணெய்தான் தாங்குகிறது. அந்த எண்ணெய் வெளியேறாதபடி சிலிண்டரை ஒட்டி பெரும்பாலும் ஒரு செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் ஓடவிடும் வால்வு) இருக்கும். பம்பு நின்றதும் வால்வின் பம்புப் பக்கம் அழுத்தம் இறங்கிவிடும், சிலிண்டர் பக்கம் அப்படியே இருக்கும். உங்கள் கேஜ் பொய் சொல்லவில்லை, தான் இருந்த இடத்தின் அழுத்தத்தைக் காட்டியது, அவ்வளவுதான்.

ரேமை முழுவதும் கீழே இறக்கிவிட்டு, அல்லது அது மேலேயே இருக்க வேண்டுமென்றால் அடியில் உரிய தாங்குகட்டையை நிறுத்திவிட்டு, அதன் பிறகே அழுத்தத்தை வெளியேற்றியிருக்க வேண்டும். அந்தக் கட்டை ரேமின் எடையையும் அதில் பொருத்திய மேல் டையின் (அச்சின்) எடையையும் தாங்குவதற்கு மட்டுமே. பிரஸ்ஸின் முழு விசையைத் தாங்காது என்பதால், மின்சாரத்தைப் பூட்டுவதும் கூடவே அவசியமாகிறது. அக்குமுலேட்டர் (அழுத்தத்தோடு எண்ணெயைச் சேமிக்கும் கலன்) இருந்தால் அதன் எண்ணெயையும் வடிகால் வால்வு வழியே டேங்குக்குத் திருப்புங்கள். எண்ணெய் வடிந்த பின்னும் அதற்குள் நைட்ரஜன் அழுத்தத்தோடு இருக்கும் என்பதால், அதைக் கழற்ற முயலாதீர்கள்.

இன்னொன்று: மெல்லிய கீற்றாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மறுமொழி 2:
நான் மின்பிரிவில் இருப்பவன். ஸ்டார்ட் பொத்தான் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். எங்கோ ஒரு இன்டர்லாக் (பாதுகாப்புத் தடுப்பு சுவிட்ச்) திறந்திருந்தாலும் இயந்திரம் ஓடாது, மின்சாரம் மட்டும் இருந்துகொண்டே இருக்கும். மீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் எல்லாப் பேஸ்களையும் அளந்து, மீண்டும் பழைய இடத்தில் வைத்து மீட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்த வேண்டும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் இருந்தால், அணைத்த பிறகும் அதன் கெபாசிட்டர்களில் உயிர்பறிக்கும் மின்னழுத்தம் சில நிமிடங்கள் தங்கும். தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து அளந்த பின்பே கை வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. வரைபடத்தைப் பார்த்தேன், செக் வால்வு இருக்கிறது. சிலிண்டர் பக்கத்தில் கேஜ் பொருத்துவதற்கான இடமும் காலியாகவே இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: ஒருவர் பூட்டை எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த ஷிஃப்ட்டார் அதை வெட்டிவிடலாமா?

மறுமொழி 3:
நினைத்தவுடன் வெட்டக் கூடாது. 1989-இல் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வெளியிட்ட 1910.147 விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: பூட்டியவரே எடுக்க வேண்டும். அவர் இல்லாதபோது நிர்வாகத்தின் பொறுப்பில், எழுதிவைத்த நடைமுறைப்படி எடுக்கலாம். ஆனால் அவர் வளாகத்தில் இல்லை என்று உறுதிசெய்து, அவரைத் தொடர்புகொள்ள இயன்றவரை முயன்று, அவர் மீண்டும் வேலையைத் தொடங்குவதற்கு முன் பூட்டு எடுக்கப்பட்டதை அவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது வருபவர் தன் பூட்டைப் போட்ட பிறகே போகிறவர் தன்னுடையதை எடுப்பது என்று வைத்துக்கொண்டால், இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.