டனல் சந்தியில் 70 விழுக்காடு காந்தத்தடை, ஒரு சந்தியில் எதிர்மறை மின்தடை: பிழை எங்கே?

கேள்வி

வணக்கம். என் ஆய்வுக்காகக் கோபால்ட், அலுமினியம் ஆக்சைடு, பெர்மலாய் (நிக்கல்-இரும்புக் கலவை) ஆகிய அடுக்குகள் கொண்ட காந்த டனல் சந்திகளை, அதாவது இரு காந்த உலோகங்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய மின்காப்புத் தடுப்பை எலக்ட்ரான்கள் ஊடுருவிக் கடக்கும் அமைப்புகளை, மாஸ்க் (துளையிட்ட மறைப்புத் தகடு) வழியாகப் படியவைத்துச் செய்கிறேன். கீழே 10 நானோமீட்டர் தடிமனுள்ள கோபால்ட் பட்டை, அதற்குக் குறுக்கே பெர்மலாய்ப் பட்டை; இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் 100 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சதுரம்.

அறை வெப்பநிலையில் நான்கு முனை முறையில் (இரு முனைகளில் மின்னோட்டம் செலுத்தி, வேறு இரு முனைகளில் மின்னழுத்தம் பார்த்து) அளந்தபோது, காந்தமாக்கல்கள் ஒரே திசையில் இருக்கையில் 3 ஓமும், எதிரெதிராக இருக்கையில் 5.1 ஓமும் கிடைத்தன. இது 70 விழுக்காடு மாற்றம்; இதையே காந்தத்தடை என்கிறோம். சுழல் முனைவாக்கத்தை (ஒரு சுழல் திசையிலுள்ள எலக்ட்ரான்கள் எவ்வளவு மிகுதி என்பதன் அளவை) கோபால்ட்டுக்கு 0.4, பெர்மலாய்க்கு 0.45 என எடுத்து, இயற்பியலாளர் ஜூலியே 1975இல் தந்த காந்தத்தடைச் சூத்திரத்தில் இட்டால் குளிர்நிலையில்கூட 44 விழுக்காடுதான் வருகிறது. ஆக்சைடு மெலிதாக அமைந்த இன்னொரு சந்தியோ எதிர்மறை மின்தடை காட்டுகிறது. மின்னோட்டத்தைத் திசைமாற்றிச் சராசரி எடுத்தும் குறி மாறவில்லை. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1

ஆக்சைடில் நுண்துளைகள் இருக்கலாம். சந்தியைக் குளிர்வித்துப் பாருங்கள்: டனல் மின்தடை சற்றே உயர வேண்டும், குறைந்தால் உலோகப் பாதை ஒன்று குறுக்கே இருக்கிறது என்று கொள்ளலாம்.

மறுமொழி 2

அந்தச் சோதனை தேவையானதே; ஆனால் நுண்துளை எதிர்மறை மின்தடையைத் தராது. திசைமாற்றியும் குறி நிலைப்பதால் வெப்ப மின்னழுத்தமும் காரணமன்று. பட்டைகளின் மின்தடையைப் பாருங்கள். மெல்லிய கோபால்ட்டின் மின்தடைத்திறனைச் சுமார் 20 மைக்ரோஓம் சென்டிமீட்டர் எனக் கொண்டால், உங்கள் பட்டையில் ஒரு சதுரத்திற்கு (நீளமும் அகலமும் சமமான துண்டுக்கு) 20 ஓம் வருகிறது. சந்தியின் தடை அதைவிடக் குறைவாக இருப்பதால், மின்னோட்டம் பரப்பு முழுவதும் பரவாமல், அது நுழையும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் நடுவிலுள்ள மூலையில் குவிகிறது. மின்னழுத்த முனைகளோ எதிர்ப்பக்கத்தில் உள்ளன. கீழ்ப்பட்டையில் மின்னழுத்தம் அதன் மின்னழுத்த முனையை நோக்கி இறங்குகிறது. மேல்பட்டையிலோ அதன் மின்னழுத்த முனையில்தான் மிகுதியாக இருக்கிறது. ஆகவே அளக்கப்படும் வேறுபாடு உண்மையைவிடக் குறைகிறது, சுழியையும் தாண்டலாம்.

மின்தடை மாற்றத்தை வகுக்கும் எண் இப்படிச் சுருங்கும்போது விழுக்காடு வீங்குகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1995இல் அறை வெப்பநிலையில் 11.8 விழுக்காட்டைக் காட்டிய இயற்பியலாளர் மூடேராவின் குழுவே, அடுத்த ஆண்டு இந்த வடிவியல் மிகைப்பைப் பற்றியும் எழுதியது. மெக்னீசியம் ஆக்சைடில் 2004இல் கண்ட 200 விழுக்காட்டளவு மதிப்புகளை இதற்குத் துணைக்கு அழைக்க வேண்டாம். அவை படிக ஒழுங்குள்ள தடுப்பினால் வந்தவை, உங்கள் தடுப்போ படிகமற்றது.

அதே அடுக்கில் 5 மைக்ரோமீட்டர் சந்தி ஒன்றை லித்தோகிராபியில் (ஒளியால் நுண்வடிவம் வரையும் முறையில்) செய்யுங்கள். பட்டையின் சதுரத் தடை மாறாது. சந்தியின் தடை 400 மடங்காகும்.

கேட்டவர்

மிக்க நன்றி. சிறிய சந்தியில் 4.1 கிலோஓமும் 21 விழுக்காடும் கிடைத்தன. பரப்பால் பெருக்கிப் பார்த்தால் பெரிய சந்தியின் உண்மையான தடை ஏறத்தாழ 10 ஓம். அதில் 21 விழுக்காடு 2.1 ஓம், நான் கண்ட மாற்றமும் அதுவே. குளிர்விக்கையில் தடையும் உயர்ந்தது. பழைய அளவீடுகள் எல்லாவற்றிலும் 7 ஓமைக் கூட்டித் திருத்திக்கொள்ளலாமா?

மறுமொழி 2

கூடாது. இங்கே கணக்கு இணங்கியது நல்வாய்ப்பு. காந்த நிலை மாறுகையில் மின்னோட்டப் பரவலும் சிறிது மாறும் என்பதால், ஒவ்வொரு சந்திக்கும் இரு பட்டைகளின் மின்னழுத்தப் பரவலைக் கணினியில் தீர்த்தே திருத்த வேண்டும். எதிர்மறை காட்டிய சந்தியை விட்டுவிடுங்கள். இனிச் செய்யும் பெரிய சந்திகளில் கோபால்ட்டுக்கு அடியில் தடித்த செப்பு அடுக்கு ஒன்றை இடுங்கள். அதன் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிட்டால் ஆக்சைடு துளைபடும் என்பதால், முதலில் அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்துவிடுவது நல்லது.