புதுப்பிப்பு: ஜிஎல்பிஐ உதவி மையத்தில் கணினிகளும் மின்னஞ்சலும் இணைந்துவிட்டன

அலுவலகச் சர்வரில் ஜிஎல்பிஐ 10 (கணினிகளின் விவரங்களையும் பணியாளர் புகார்களையும் நிர்வகிக்கும் மென்பொருள்) நிறுவிய பிறகும், ஏஜென்ட் (கணினியின் விவரங்களைச் சர்வருக்கு அனுப்பும் சிறு நிரல்) ஏற்றிய விண்டோஸ் கணினிகள் அதன் பட்டியலில் வரவில்லை என்றும், பணியாளர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் புகார்கள் மிகத் தாமதமாகவே டிக்கெட்டாகப் பதிவாகின்றன என்றும் முன்பு கேட்டிருந்தேன். இரண்டும் இப்போது தீர்ந்துவிட்டன.

இந்தப் பதிப்பில் இன்வென்டரி வசதி, அதாவது கணினி விவரங்களைப் பெற்றுப் பட்டியலிடும் வசதி, தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். நிர்வாகப் பகுதிக்குச் சென்று அதை இயக்கியதும் பாதிக் கணினிகள் வந்து சேர்ந்தன. மற்றவற்றில் ஏஜென்டின் லாக் கோப்பை (அதன் செயல்பாடுகளும் பிழைகளும் பதிவாகும் கோப்பு) திறந்தபோது, எங்கள் சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழை அவை நம்ப மறுப்பது தெரிந்தது. சான்றிதழ்ச் சரிபார்ப்பையே நிறுத்திவிடலாம் என்று இங்கே சிலர் கூறியிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு கணினியின் மென்பொருள் பட்டியலும் பயனர் பெயரும் அந்த இணைப்பு வழியாகவே செல்வதால் அதற்கு எனக்கு உடன்பாடில்லை. விண்டோஸ் கணினிகளின் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து மாற்ற உதவும் குரூப் பாலிசி மூலம் சான்றிதழை எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிவிட்டு, அந்தக் கணினியின் உலாவியில் லோக்கல்ஹோஸ்டின் (அதே கணினியைக் குறிக்கும் முகவரி) 62354ஆம் போர்ட்டில் உள்ள ஏஜென்டின் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்த இணைப்பைச் சொடுக்கியதும் விவரங்கள் உடனே சர்வரை அடைந்தன.

மின்னஞ்சல் தாமதத்திற்குக் காரணம் வேறு. மின்னஞ்சலை எடுத்து டிக்கெட்டாக்குவது போன்ற தானியங்கிப் பணிகள் ஜிஎல்பிஐயின் உள் முறையில் இருந்தால், யாராவது அதன் பக்கத்தைத் திறந்து பயன்படுத்தும்போதுதான் அவை ஓடும். காலையில் உதவி மையத்தார் வந்து உள்நுழையும்வரை இரவுப் புகார்கள் அஞ்சல்பெட்டியிலேயே கிடந்தது அதனால்தான். அந்தப் பணியைக் கட்டளைவரி முறைக்கு மாற்றி, லினக்ஸ் சர்வரின் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் வசதி) நிமிடத்திற்கொரு முறை, வெப் சர்வரின் பயனர் கணக்கிலேயே அதை இயக்குமாறு அமைத்தேன். லாக் கோப்பைப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு என் மனமார்ந்த நன்றி.