முசலுக்கும் வலிப்பு வருமா? உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

கல்லடியிலிருந்து:
போன வெள்ளி, விடியப்புறம் நாலரை இருக்கும். கூட்டுக்குள் தடதடவென்று சத்தம். பாம்பு புகுந்துவிட்டதென்று டோர்ச்சோடு ஓடினேன். எங்கள் வெள்ளையன் ஒரு பக்கமாய் விழுந்து கிடந்தான். தலை பின்னுக்கு வளைந்து, நாலு காலும் நீந்துவது போல அடித்துக்கொண்டிருந்தன. கண் திறந்தபடி, டோர்ச் வெளிச்சத்துக்கும் இமை அசையவில்லை. அம்மா ஓடிவந்து அலுமாரித் திறப்பை அவனது முன்னங்காலில் வைத்து அழுத்தினா, மனிசருக்குச் செய்வது போல! எனக்குத் தடுக்கவும் தோன்றவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, எழும்பிச் சுவரில் முட்டி முட்டி நடந்தான். அரை மணித்தியாலத்தில் பொன்னாங்காணி தின்றான். இது வலிப்புத்தானா? அந்தத் திறப்பு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஏறாவூரிலிருந்து:
வலிப்பாக இருக்காது தம்பி. எங்கள் முசலும் இப்படித்தான் உருண்டது, வாப்பாவும் வலிப்பென்றே சொன்னார். கிட்டப் போய்ப் பார்த்தால் தலை ஒரு பக்கம் சரிந்து, கண்மணி இடமும் வலமுமாய் ஆடுகிறது. கூப்பிட்டால் காது திரும்பும், நினைவு இருந்தது. உள்காதில் சீழ், இல்லாவிட்டால் ஈ. குனிகுலி என்ற ஒட்டுண்ணி என்றார் மிருக வைத்தியர். வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் மருந்தை 28 நாள் கொடுத்தோம். தலை இன்றைக்கும் சரிவுதான், போட்டோவுக்கு நல்ல போஸ்.

காரைதீவிலிருந்து:
இமை அசையவில்லை, பிறகு சுவரில் முட்டினான் என்று கல்லடி தெளிவாக எழுதியிருக்கிறாரே. அதை வாசிக்காமல் காது வருத்தம் என்றால் எப்படி? எங்கள் கதை வேறு. முசல் செத்துப்போச்சென்று மகன் கத்தினான். அது தொப்பென்று சாய்ந்து நல்ல தூக்கம், மீசையும் விரலும் துடித்தபடி. பெயரைச் சொன்னதும் எழும்பிவிட்டது. வலிப்பென்றால் கூப்பிட்டு எழுப்ப முடியாது.

அக்கரைப்பற்றிலிருந்து:
எங்களுடையது கச்சான் காற்று வீசிய ஒரு மத்தியானம், தகரம் போட்ட கொட்டிலுக்குள். வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, காது நெருப்பாய்ச் சுட்டது, பிறகு இழுத்தது. ஓட்டோவில் மடியிலேயே போய்விட்டது.

அதனால் சொல்கிறேன். முசலுக்கு வேர்க்காது, சூடு வெளியேறுவது பெரும்பாலும் காதால்தான். சூட்டில் வாடினால் காதை ஈரத்துணியால் நனையுங்கள், ஐஸ் வேண்டாம். இழுக்கும்போது பிடித்து அமுக்காதீர்கள், அதன் முதுகெலும்பு சட்டென்று முறியும். திறப்பும் வேண்டாம், வாயில் தண்ணீரும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முட்டக்கூடிய சாமான்களை எடுத்துவிட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனில் வீடியோ எடுங்கள். வைத்தியர் முன்னால் அது ஒருநாளும் விழாது. ஐந்து நிமிடம் தாண்டினால் வீடியோவை விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். ஒரு தடவை வந்து போனாலும் காட்டத்தான் வேண்டும். பிறகு அரை நாள் தின்னாமல் கிடந்தால் குடல் நின்றுபோகும், அது தனி ஆபத்து. அப்புறம் இன்னொன்று: நாய்க்குப் பிடரியில் விடும் உண்ணி மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் முசல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். விட்டுச் சில நாள் கழித்தும் இழுக்கும், செத்தும் போகும்.

ஏறாவூரிலிருந்து:
காரைதீவாருக்கு: வாசித்துவிட்டுத்தான் எழுதினேன். இருட்டில் டோர்ச்சோடு பதறி நின்றவருக்குக் கண்மணி ஆடியது தெரியுமா?

கல்லடியிலிருந்து:
கண்மணி ஆடவில்லை காக்கா, நன்றாகப் பார்த்தேன். அது கிடக்கட்டும். அக்கரைப்பற்று அண்ணன் எழுதியதை வாசித்துவிட்டுக் குசினிக்குப் பின்னால் குப்பை வாளியைக் கிளறினேன். நாய்க்கு வாங்கிய மருந்துக் குப்பி கிடந்தது, ஃபிப்ரோனில் என்றே போட்டிருக்கிறது. புதன்கிழமை நாய்க்கு விட்ட அப்பா, மிச்சம் வீணாகக் கூடாதென்று வெள்ளையன் பிடரியிலும் இரண்டு சொட்டு விட்டிருக்கிறார். “அவனும் சொறிஞ்சுகொண்டுதானே இருந்தவன்” என்கிறார்.

குப்பியைப் பையில் சுற்றி வைத்திருக்கிறேன், காலையில் அவனோடு சேர்த்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோக. ஏன் கேட்டேன் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. திண்ணையில் இருந்து வெள்ளையனுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.