ஜப்பானியரோடு ஆங்கிலம் பேசிய அனுபவம்: அந்த "யெஸ்" எந்த யெஸ்?

டோக்கியோவில், நிஷிகசாய் பக்கம் இருக்கிறேன். எங்கள் டீமில் ஒருவர் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 990க்கு 900ஐத் தாண்டியவர், மெயில் எழுதினால் ஒரு பிழை பார்க்க முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடம் "ஹேவன்ட் யூ சென்ட் த ஃபைல்?" என்று கேட்டேன். "யெஸ்" என்றார். சரி, அனுப்பிவிட்டார் என்று நானும் கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஃபைல் போகவே இல்லை, அவர் முகம் வெளுத்துவிட்டது, எனக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அனுப்பவில்லையா என்று ஜப்பானிய மொழியில் கேட்டால் "ஹாய்" என்பார்கள், நீங்கள் சொல்வது சரிதான், அனுப்பவில்லை என்று அர்த்தம். நாமும் "ஆமா, இன்னும் அனுப்பலை" என்றுதானே சொல்கிறோம்! ஆங்கிலத்தில்தான் கேள்வி எப்படி வந்தாலும் செய்திருந்தால் யெஸ், செய்யாவிட்டால் நோ. இப்போதெல்லாம் நான் "ஹேவ் யூ சென்ட் இட்?" என்று நேராகக் கேட்கிறேன். அவரும் வெறும் யெஸ், நோவோடு நிறுத்தாமல் "நோ, ஐ ஹேவன்ட்" என்று முழுசாகச் சொல்லப் பழகிக்கொண்டார். அந்த வால் இருந்தால் குழப்பமே வராது.

*

டோக்கியோவை ஒட்டிய சைதாமாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலப் பேச்சு சொல்லிக்கொடுக்கிறேன். இவர்களுக்கு இலக்கணத்தைவிடப் பெரிய சிக்கல், ஆங்கிலம் என்று நம்பிப் பேசும் ஜப்பானியச் சொற்கள். ஒரு அம்மா லண்டன் ஹோட்டலில் போன் சார்ஜ் போட "வேர் இஸ் த கன்சென்ட்?" என்று மூன்று தரம் கேட்டாராம், யாருக்கும் புரியவில்லை. பிளக் பாயின்ட்டுக்கு ஜப்பானில் "கொன்செந்தோ" என்றுதான் பெயர். அதேபோல "மன்ஷோன்" என்றால் சாதாரண அடுக்குமாடி ஃபிளாட், "சாபிசு" என்றால் இலவசம், "குரேமு" என்றால் புகார். அந்த அம்மா லண்டன் கதையைச் சொன்னபோது கண் கலங்கியிருந்தது, அதனால் அடுத்த வாரம் முழுக்க இந்த மாதிரிச் சொற்களையே எடுத்துக்கொண்டோம். அப்புறம் "ஆல்மோஸ்ட் ஜாப்பனீஸ் லைக் ரைஸ்" என்று நிறையப் பேர் சொல்வார்கள், கிட்டத்தட்ட, பெரும்பாலான என்ற இரண்டுக்கும் வரும் "ஹொதோந்தோ" என்ற சொல்லை அப்படியே மாற்றுவதால் வருவது. ஆல்மோஸ்ட்டை எடுத்துவிட்டு "மோஸ்ட்" போட்டால் போதும்.

*

எங்கள் மாடியில் இருக்கும் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். நான் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் தலை குனிந்து "ஐ ஆம் சாரி" என்பார். முதலில் அவர் என்ன தப்பு செய்தார் என்றே எனக்குப் புரியவில்லை. ஜப்பானிய மொழியில் "சுமிமாசென்" என்ற ஒரே சொல் மன்னிப்புக்கும் நன்றிக்கும் வரும், உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேனே என்பதுதான் அங்கே நன்றி. இந்த இடத்தில் "தேங்க் யூ" போதும் பாட்டி என்று ஒருநாள் சொன்னேன். இப்போது "சாரி, தேங்க் யூ" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.