புதுப்பிப்பு: அலையில் அணையும் அவுட்போர்டு, குற்றவாளி சிக்கிட்டான்

போன வாரம் புலம்பினது இதுதான்: காசிமேட்டுல நிக்கிற எங்க ஃபைபர் போட்டோட அவுட்போர்டு (பின்பக்கம் வெளியே மாட்டுற இன்ஜின்), கம்ப்யூட்டர் அளந்து எரிபொருளைப் பீய்ச்சுற இஎஃப்ஐ வகை, கரையில ஒழுங்கா ஓடுது, அலையில குதிச்சா சட்டுனு அணையுது, கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. பிளக், காயில் மாத்தின காசு வீண்.

பலரும் கில் சுவிட்ச், அதாவது அவசரத்துல இன்ஜினை அணைக்கிற சுவிட்ச்தான் காரணம்னு சொன்னீங்க. கழட்டிப் பார்த்தேன், அது பாவம், நல்லாத்தான் இருந்துச்சு.

குற்றவாளி பேட்டரி நெகட்டிவ் கேபிள். பேட்டரி 12.6 வோல்ட் காட்டினதுல ஏமாந்துட்டேன். சும்மா இருக்கும்போது அளந்து என்ன பிரயோஜனம்? மச்சான் ஸ்டார்ட்டரைச் சுத்தவிட, நான் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வச்சேன்: 1.8 வோல்ட். அவ்வளவும் அந்தக் கேபிள் வழியிலேயே தொலையுதுன்னு அர்த்தம். அரை வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்படணும். லக்குப் (கேபிள் முனையில இருக்கிற உலோக வளையம்) பக்கத்துல உறையைக் கீறினா, உள்ளே செம்பு பச்சைப் பொடியா உதிருது. அலையில குலுங்கும்போது அங்கதான் கரண்ட் விட்டுப்போய் இன்ஜின் அணைஞ்சிருக்கு. வெளியே ரப்பர் மட்டும் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு, வயித்தெரிச்சல்!

வெள்ளீயம் பூசின செம்புக் கேபிள் போட்டு, லக்கை கிரிம்ப் பண்ணி (அழுத்தி இறுக்கி), பசை வச்ச ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்கி இறுகுற குழாய்) போட்டாச்சு. இப்போ 0.2 வோல்ட்தான். நாலு நாளா கடலுக்குப் போறோம், ஒரு தடவைகூட அணையல.