பெக்கி ஆஷ்கிராஃப்ட்: ஆஸ்கருக்கு முன்னால் எங்கே இருந்தார்?

கேள்வி: டேவிட் லீன் எடுத்த 'எ பேசேஜ் டு இந்தியா'வை நேற்றுதான் பார்த்தேன். மிஸஸ் மூராக வரும் அந்தக் கிழவி மசூதியில் நிற்கும் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. 77 வயதில் ஆஸ்கராமே! அதுவரை எங்கே இருந்தார்?

பதில் 1: லண்டன் மேடையில்தான், வேறெங்கே? 1907ல் கிராய்டனில் பிறந்தவர். 1930ல் சவாய் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகம்: கறுப்பின நடிகர் பால் ரோப்சன் ஒத்தெல்லோ, அவர் மனைவி டெஸ்டிமோனாவாக இவர். அப்போது வயது 22. கறுப்பின நடிகரோடு வெள்ளைக்காரப் பெண் நடிப்பதா என்று வசைக் கடிதங்கள்கூட வந்தன. 1935ல் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் பெரிய நடிகர்களான ஜான் கீல்குட்டும் லாரன்ஸ் ஒலிவியரும் ரோமியோ, அவன் நண்பன் மெர்குஷியோ வேடங்களை மாற்றி மாற்றிப் போட்டார்கள். இரண்டு ரோமியோவுக்கும் ஒரே ஜூலியட், இவர்தான்.

பதில் 2: ஜூலியட்டை விடுங்கள். 1963ல் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில், அவருடைய வரலாற்று நாடகங்களைத் தொகுத்த 'வார்ஸ் ஆஃப் தி ரோஸஸ்', அதில் இவர் ராணி மார்கரெட். 55 வயதுக்காரர் இளம்பெண்ணாக நுழைந்து, சாபமிடும் கிழவியாக முடிக்கிறார். பிபிசி அதைப் படமாக்கியது. நான் மூன்று தடவை பார்த்தாயிற்று, இன்னும் அலுக்கவில்லை.

கேள்வி கேட்டவர்: நன்றி! ஆஸ்கர் மேடையில் இவரைக் காணோமே?

பதில் 1: போகவில்லை. நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி இவர் சார்பில் வாங்கிக்கொண்டார்.