ஓவிய சார் நினைவாக ஒரு உதவித்தொகை: வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த சார் தை மாதம் காலமாகிவிட்டார். தன் சம்பளத்திலேயே பிள்ளைகளுக்கு வாட்டர் கலர் வாங்கித் தருவார். பிரஷைக் கழுவாமல் வைத்தால் மட்டும் கோபம் வரும். அவர் பெயரில், சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளில் சேர ஆசைப்படும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் உதவ நினைக்கிறோம். மதிப்பெண் பார்க்க மாட்டோம், படங்களை மட்டும்தான். சாருக்கு அதுதான் பிடிக்கும்.

கையில் 2 லட்சம் சேர்ந்திருக்கிறது. வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு வட்டியைக் கொடுப்பதா, அறக்கட்டளையாகப் பதிவு செய்வதா? கொடுப்பவர்களுக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி விலக்கு இல்லாமல் பெரிய நன்கொடை கேட்கத் தயக்கமாக இருக்கிறது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர்களும் தரத் தயார். அதற்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி வேண்டுமாம். இதைச் செய்த அனுபவம் உள்ளவர்கள், ஆடிட்டர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். படங்களைப் பார்த்துத் தேர்வு செய்ய ஓவியர்கள் இருவர் தேவை.